மறைத்தலும் அறிதலும்: டேவிட் பார்னஸின் விலகல்

1985 ஜூன் 28 அன்று டேவிட் பார்னஸ் என்கிற கணிப்பொறி அறிவியலாளர் நாளொன்றுக்கு 1000 டாலர் கிடைக்கிற ஒரு வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். 1983 மார்ச்சில் ரீகன் அறிவித்த, பத்திரிகைகள் ‘நட்சத்திரப் போர்’ என்று பேர் வைத்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்குக் கணிப்பொறி ஆலோசனை சொல்லும் குழுவில் அவர் உறுப்பினர். விலகல் கடிதத்தோடு எட்டுச் சிறு கட்டுரைகளையும் இணைத்திருந்தார். அவை அந்த ஆண்டிலேயே அச்சில் வெளிவந்தன.

இதை ஒரு சமாதானவாதியின் கலகமாக வாசிக்கத்தான் நமக்குக் கை பரபரக்கும். அப்படி இல்லை. பார்னஸ் அமெரிக்கக் கடற்படைக்குப் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர். ஏ-7 தாக்குதல் விமானத்தின் மென்பொருளைத் திருத்தி வடிவமைத்ததில் அவருக்குப் பங்குண்டு. பாதுகாப்புத் துறை வேலையைத் தான் எதிர்க்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் கேட்டது வேறு கேள்வி: இந்த மென்பொருள் எதற்காக என்று சொல்லப்படுகிறதோ, அதைச் செய்யுமா?

சொல்லப்பட்ட நோக்கம் அணு ஆயுதங்களையே பயனற்றவையாக ஆக்குவது. அதற்கு அந்தக் கேடயத்தை முழுசாக நம்ப முடியவேண்டும். பாலம் கட்டுகிறவர் ஒரு குறிப்பிட்ட பாரத்தை ஏற்றிப் பார்த்து, அதற்குக் குறைந்த பாரங்களையும் அது தாங்கும் என்று ஊகிக்கலாம். மென்பொருளில் இந்த ஊகம் செல்லாது. உள்ளே போகும் தகவலில் ஒரு சின்ன மாற்றம் விளைவைத் தலைகீழாக்கிவிடும். அதனால்தான் புழக்கத்தில் விட்டு, பிழை தெரியத் தெரியத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். இங்கே அதற்கு வழியில்லை. எதிரியின் ஏவுகணை எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டித் தெரியாது. உண்மையான சூழலில் சோதிக்க ஒரு அணு யுத்தமே வேண்டும். அந்த யுத்தமோ அரை மணி நேரத்தில் முடிந்துபோகும். பிழை திருத்த யார் உட்கார்ந்திருப்பார்கள்?

சக நிபுணர்கள் இதை மறுத்தார்களா என்றால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. தனியாகப் பேசும்போது சிலர் ஒத்துக்கொண்டார்கள் என்று 1987இல் எழுதிய கட்டுரையில் பார்னஸ் பதிவு செய்கிறார். ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறதே! குழுவில் மிஞ்சியவர்களோ, கட்டமைப்பைப் பரவலாக்கினால் இது சாத்தியம்தான் என்று 1985 கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடிபடாமல் நின்ற முரண் ஒன்று உண்டு. ‘தகவல் மறைப்பு’ என்ற கோட்பாட்டை மென்பொருள் உலகுக்குத் தந்தவரே இந்தப் பார்னஸ்தான். 1972இல் வந்த அவரது புகழ்பெற்ற கட்டுரையின்படி, பெரிய நிரல் ஒன்றை மாட்யூல்களாகப் பிரிக்கும்போது ஒவ்வொன்றும் தன் உள்முடிவுகளை மற்றவற்றிடமிருந்து மறைத்துவைக்க வேண்டும். பக்கத்து மாட்யூலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது நிரல் எழுதுகிறவருக்குத் தெரியத் தேவையில்லை, தெரியவும் கூடாது. பிரெட் புரூக்ஸ் 1975இல் இதைக் கடுமையாக மறுத்தார். எல்லோருக்கும் எல்லாம் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு 1995இல் பார்னஸ் சொன்னதே சரி என்று தன் புத்தகத்தின் புதிய பதிப்பில் ஒப்புக்கொண்டார்.

அறியாமையை ஒழுங்கு செய்து கொடுத்த மனிதரே முழுமையின் நோக்கத்தைத் தெரிந்துகொள்வது ஒவ்வொருவரின் பொறுப்பு என்கிறார். தன் செயலுக்குத் தானே பொறுப்பு, மேலதிகாரியைக் கைகாட்ட முடியாது, தீர்ப்பது உண்மையான பிரச்சினையையா என்று பார்க்கவேண்டும் என்று எழுதுகிறார். முரண்போலத் தெரிந்தாலும், உற்றுப் பார்த்தால் அவர் மறைக்கச் சொன்னது ‘எப்படி’ என்பதை. ‘எதற்கு’ என்பதை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்தது தொழில்முறையின் அதிகாரம். சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கம் வேலைபார்க்கும் நம்ம பிள்ளைகளிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாட்யூல் பேரைச் சொல்வார்கள். அது எதுக்குப்பா என்றால், “கிளையண்ட்டுக்குத்தான் சார் தெரியும்.” இது அவர்களுடைய குற்றமில்லை; அப்படித்தான் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது.

பார்னஸின் மறுப்பில் குறை இல்லாமலில்லை. அந்தக் கேடயம் நிஜமாகவே வேலைசெய்யும் என்றால் அவர் அங்கேயே இருந்திருப்பாரா? இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். எம்.ஐ.டி.யில் இருந்த ஜோசப் வைசன்பாம் 1976இலேயே வேறு தளத்திலிருந்து பேசியவர்: கணிப்பொறியால் முடியும் என்றாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத காரியங்கள் உண்டு என்பது அவர் வாதம். அரசியலாக வைசன்பாம்தான் எனக்கு நெருக்கம். ஆனாலும் அறம் பேசுகிறவரை ‘பாவம், கவிஞர்’ என்று ஒதுக்கிவிட முடிகிறது (நம்மையும் அப்படித்தானே ஒதுக்குகிறார்கள்). தொழில்நுட்பத்தின் மொழியிலேயே பேசிய பார்னஸை அப்படி ஒதுக்குவது சிரமம். தொழில்நுட்ப வாதம் வேறு, அரசியல் வாதம் வேறு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு இந்த இடத்தில் அழிந்துபோகிறது.

1993 மே மாதம் நட்சத்திரப் போர் சகாப்தம் முடிந்தது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் அறிவித்தார். அதற்குள் சுமார் 3000 கோடி டாலர் செலவாகியிருந்தது. அலுவலகத்துக்கு வேறு பேர் வைத்தார்கள். ஏவுகணைத் தடுப்பு ஆராய்ச்சி தொடர்ந்தது.