வெற்றிலைப் பெட்டியும் வாய்ப்புற்றும்

சுங்காய், திரோலாக், பீடோர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் ரப்பரைப் பற்றியும் செம்பனையைப் பற்றியும் எழுதுவார்கள். வெற்றிலையைப் பற்றி எழுதுவோர் குறைவு. விடியுமுன் பால்வெட்டச் சென்ற பெண்களின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் அதில்தான். பசியை அடக்கவும் பல்வலியை மறக்கவும் அதுவே துணை. அவற்றை விற்ற மளிகைக் கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டு. நம் வீடுகளிலும் நிக்காஹ் பேச வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வைப்பது மரியாதை. பல் விழுந்த நன்னிமார்களுக்குச் சிறு உரலில் இடித்துக் கொடுப்பது பேரப்பிள்ளைகளின் வேலை.

ஆகவே, "வெற்றிலை போடாதீர்கள்" என்று சொன்னவர் நம் மரியாதையையே வேண்டாம் என்று சொன்னவராகத் தோன்றினார். அறிவுரை எடுபடாமல் போனதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை.

அறிவுரையும் இடையில் மாறியது. 1985இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்றது. "புகையிலையை மட்டும் விட்டால் போதும்" என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2003இல் அதே நிறுவனம் மீண்டும் ஆராய்ந்து, பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று முடிவு செய்தது. தைவானில் புகையிலை சேர்க்காமல் பாக்கு மெல்லுகிறார்கள். அங்கும் வாய்ப்புற்று வருகிறது. "நேற்று நல்லதாக இருந்த பாக்கு இன்று கெட்டதா?" என்று ஒரு மூதாட்டி கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களின் பேச்சைத்தான் மக்கள் கேட்டார்கள்.

நம் நாட்டில் 1993-94இல் நடந்த கணக்கெடுப்பில் 25 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 11,700 பேரின் வாய் பரிசோதிக்கப்பட்டது. புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியர்களிடமே அதிகம் காணப்பட்டன. 1997 முதல் சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள், ஆபத்து மிகுந்த மக்களைத் தேடிச் சென்று வாயைப் பார்க்கத் தொடங்கின. போஸ்டரை மட்டும் ஒட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதைக் கடந்தவர்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள்.

சிகரெட்டின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. புகைப்பது ஹராம் என்று தேசிய ஃபத்வா மன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நம்மவர் சாப்பாட்டுக் கடைகளின் மேசைகளிலிருந்து சாம்பல் கிண்ணம் மறையத் தொடங்கியது 2019 ஜனவரி முதல் தேதி, சட்டம் வந்த பிறகுதான்! மெல்லும் பழக்கத்துக்கு அப்படியொரு சட்டம் இல்லை. வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? "புற்றுநோய் வரும்" என்று நன்னியைப் பயமுறுத்தினால் பெட்டியை ஒளித்து வைத்துக்கொள்வார். "வாயைக் கொஞ்சம் திறங்க நன்னி, பார்க்கிறேன்" என்றால் திறப்பார். வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் இரு ஓரங்களையும் அடிநாக்கையும் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வாய் முன்போல் அகலத் திறக்காவிட்டாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். "வலிக்கவில்லையே" என்பார். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.