சிறை வழியே சட்டமன்றம்: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையின் அரசியல்

தெற்குத் திருவிதாங்கூரில் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தலையெடுத்த அரசியல்வாதிகள் பலர் சிறை சென்று வந்தவர்கள். நெய்யாற்றின்கரை வட்டத்திலும் அதை ஒட்டிய விளவங்கோட்டிலும் இது தெளிவாகத் தெரிகிறது. திவானை எதிர்த்தவர்களும், பின்னர் மலையாள அமைச்சரவையை எதிர்த்த தமிழர்களும் இந்த வழியாகவே பதவிக்கு வந்தார்கள். முதல் வரிசையில் கைதியாக இருந்தவர், இரண்டாவது வரிசையினரைச் சிறையில் அடைத்த முதலமைச்சர் ஆனார் என்பதுதான் இந்த வரலாற்றின் விசித்திரம்.

தண்டனை வாங்கிய அரசியல் இங்கே அதற்கும் பழையது. நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் பிறந்த பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகச் சாடி எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று நாடு கடத்தப்பட்டார். அச்சகம் பறிமுதலானது. காவலர்கள் அவரை எல்லை தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் 1916இல் கண்ணூரில் இறந்தார். திருவிதாங்கூருக்குத் திரும்பவே இல்லை.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. தலைவர் பட்டம் தாணுபிள்ளை. பொறுப்பாட்சி வேண்டும் என்பது கோரிக்கை. எதிரில் நின்றவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆகஸ்ட் 26 அன்று சட்டமறுப்பு தொடங்கியதும் பட்டம் கைதானார். ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் உள்ளூர்த் தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளையைப் பிடித்துச் சென்றபோது ஊர் திரண்டது. கூட்டத்தைக் கலைக்க வந்த சமஸ்தானப் படைக்குத் தலைமை தாங்கியவர் கர்னல் வாட்கிஸ் என்ற ஆங்கிலேயர். துப்பாக்கிச் சூட்டில் அத்தாழமங்கலம் வீரராகவன் முதலானோர் மாண்டார்கள். கேரளத்தின் விடுதலைப் போராட்ட வரலாற்றில் ஜாலியன்வாலாபாக்கோடு ஒப்பிட்டுப் பேசப்படும் நிகழ்ச்சி இது. பலியானோர் எண்ணிக்கையில் அந்த ஒப்பீடு மிகைதான். ஊர்க்காரர்கள் மனத்தில் அது பதித்த தடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்து நடந்த தேர்தலில், 120 இடங்களில் 97ஐ ஸ்டேட் காங்கிரஸ் பிடித்தது. மார்ச்சில் பட்டம் திருவிதாங்கூரின் பிரதமரானார்.

அதே தேர்தலில் 14 இடங்களை வென்ற கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் வேறு பெயரில் தொடங்கி, மறு ஆண்டு இந்தப் பெயரை ஏற்ற அமைப்பு. நாகர்கோவில் வழக்கறிஞர் ஏ. நேசமணி 1947இல் சேர்ந்தபின் அது மக்கள் கட்சியாக வளர்ந்தது. தொண்டர்கள் அவரை ‘மார்ஷல்’ என்றே அழைத்தார்கள். அவரோ படையில் இருந்தவரல்லர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை. கட்சியின் வலிமைக்கு நாடார் சமூகம் பெருந்துணை. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையிலும் விளவங்கோட்டு வட்டத்துக் களியக்காவிளையிலும் ஒரே குடும்பத்தின் கிளைகள் இருந்தன. லண்டன் மிஷன் சபைகளும் இரு பக்கமும் பரவியிருந்தன. வீட்டில் தமிழும் கச்சேரியில் மலையாளமும் பேசிய இத்தகைய ஊர்களில் ‘தாய்மொழி எது’ என்று கேட்ட கணக்கெடுப்பு தகராறுக்கு இடம் தந்ததில் வியப்பில்லை.

சட்டமன்றத்தில் இந்தக் கட்சியின் எண்ணிக்கை சிறிது. ஆனால் அமைச்சரவையைக் கவிழ்க்க அது போதுமாயிருந்தது. 1953இல் ஏ.ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை விலக்கியதால்தான். 1954 தேர்தலில் அதற்கு 12 இடங்கள். 19 இடங்கள் மட்டுமே பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. முதலமைச்சர் மீண்டும் பட்டம்.

அந்த ஆகஸ்டில் மூணாறில் அரசின் தடையை மீறியதற்காகத் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர்கள் நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோர் கைதானார்கள். ஆகஸ்ட் 11 அன்று கட்சி விடுதலை நாள் கொண்டாட அழைத்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். நெய்யாற்றின்கரையில் 16 ஆண்டுகளுக்கு முன் நடந்தது, சிறிது தூரம் தெற்கே மீண்டும் நடந்தது. பட்டம் பதவி விலக வேண்டும் என்று சொன்னவர் அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அப்போது உத்தரப் பிரதேசத்தின் நைனி சிறையில் இருந்த அவர் அங்கிருந்தே தந்தி அனுப்பினார். சுதந்திர இந்தியாவில் சோஷலிஸ்ட் அரசு மக்களைச் சுடுவதா என்பது அவர் கேள்வி. கட்சித் தலைமை ஏற்கவில்லை. அந்தப் பிணக்கு முற்றி, 1955 இறுதியில் லோகியா தனிக்கட்சி கண்டார். அகில இந்தியக் கட்சி ஒன்று இரண்டாகப் பிளக்க, விளவங்கோட்டுச் சிற்றூர்களின் துப்பாக்கிச் சூடும் ஒரு காரணமாயிற்று.

திருவனந்தபுரத்தில் கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட, தமிழர் கட்சியும் எதிர்த்து வாக்களிக்க, பட்டம் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் அரசு போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதே ஆண்டு அறிக்கை தந்தது. வட்டத்தை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைப் பார்த்ததால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வரவில்லை, 1951 கணக்கெடுப்பின்படி அங்கே தமிழர் சிறுபான்மை. வட்டத்துக்குப் பதில் கிராமத்தை அலகாக்கியிருந்தால் பாறசாலையை அடுத்த சில ஊர்களைப் பற்றியாவது விவாதம் எழுந்திருக்கும். ஆணையம் அதற்குள் போகவில்லை.

எல்லைக்குத் தெற்கே இருந்த போராட்டக்காரர்கள் தமிழ்நாட்டு அரசியலில் எளிதாகக் கலந்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் இந்திய தேசிய காங்கிரஸில் இணைந்தது. 1957இல் நேசமணி கிள்ளியூர் சட்டமன்ற உறுப்பினர். அதே ஆண்டு போராட்டத்தின் மற்றொரு தலைவர் தாணுலிங்க நாடார் நாகர்கோவில் மக்களவை உறுப்பினர். 1962இல் மக்களவைக்குச் சென்ற நேசமணி, பதவியில் இருக்கும்போதே 1968 ஜூன் 1 அன்று காலமானார். வடக்கே தங்கிவிட்ட தமிழ்த் தொண்டர்களுக்குக் கட்சியே இல்லாமல் போயிற்று. அவர்கள் கேரளக் கட்சிகளில் கரைந்தார்கள். நாடார் வாக்கு மட்டும் பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தொகுதிகளில் இன்றும் வேட்பாளரைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று. 1956 நவம்பர் 1 குமரி மாவட்டத்தில் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளையில் அதே நாள் கேரளப் பிறவி விழா.