ஐந்து ஓட்டையில் அடங்காத தமிழ்

சிவகாசி அச்சகங்களுக்கு மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை. லித்தோ அச்சில் எழுத்தும் படம்தான். தீப்பெட்டி லேபிளில் தமிழோ இந்தியோ வங்காளியோ, எதை வேண்டுமானாலும் வரைந்து அச்சடிக்கலாம். ஆனால் பக்கத்தில், அர்ஜுனா நதியோரம் இருக்கும் ஆனைக்குட்டம் மாதிரி ஊர்களுக்குத் தந்தி வந்தால், அது பெரும்பாலும் ‘ஃபாதர் சீரியஸ்’ என்று இங்கிலீஷில்தான் இருக்கும். வாசிச்சுச் சொல்ல ஆள் தேடணும்.

ஏன் அப்படி? பதிலில் பாதி, முக்கால் அங்குலம்கூட அகலமில்லாத ஒரு காகித நாடாவில் இருக்கிறது.

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874இல் காப்புரிமை வாங்கிய முறையில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து மின் துடிப்புகள். ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. கணக்குப் போட்டால் மொத்தம் 32 சேர்க்கைகள். ஆங்கில எழுத்து 26 போனால், எண்களுக்கு இடம் பத்தாது. அதனால் ஒரு தந்திரம்: ‘இனி வருவது எண்’ என்று சொல்ல ஒரு குறி, ‘இனி வருவது எழுத்து’ என்று சொல்ல இன்னொரு குறி. க்யூவுக்கும் 1க்கும் ஒரே துளைதான். நடுவில் அந்த மாற்றுக்குறி தொலைந்துபோனால், வாக்கியம் முழுக்க எண்ணும் புள்ளியுமாகக் கொட்டும்.

போதோவின் கருவியில் ஐந்தே கட்டைகள். இயந்திரத்தின் தாளத்துக்கு ஏற்ப அழுத்த வேண்டும். 1901 வாக்கில் நியூசிலாந்துக்காரர் டொனால்ட் முர்ரே அதை டைப்ரைட்டர் விசைப்பலகையாக மாற்றினார். அதிகம் புழங்கும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகளைக் கொடுத்தார்: ‘ஈ’க்கு ஒன்று, ‘டி’க்கு ஒன்று. இயந்திரம் அவ்வளவு சீக்கிரம் தேயாது. யாருடைய மொழியில் எது அதிகம் புழங்கும் என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது.

செய்தியை நேராகக் கம்பியில் அடிப்பது வீண். ஆள் யோசிக்கும் நேரமெல்லாம் விலை உயர்ந்த கம்பி சும்மா கிடக்கும். அதனால் முதலில் நாடாவில் துளையிட்டுக்கொள்வார்கள். தப்பு விழுந்தால், நாடாவைப் பின்னுக்கு இழுத்து, அந்த இடத்தில் ஐந்து ஓட்டையையும் போட்டுவிடலாம். ஐந்தும் சேர்ந்தது ‘எழுத்து’ மாற்றுக்குறி. காகிதத்தில் எதுவும் விழாது. பிறகு நாடா அனுப்பியில் மாட்டினால், ஊசிகள் துளைகளைத் தடவிப் பார்த்து நிமிஷத்துக்கு 400 எழுத்து வேகத்தில் நிற்காமல் அனுப்பும். இடைப்பட்ட நிலையத்தில் அதே செய்தி மறுபடி நாடாவாக வரும். கிழித்து அடுத்த கம்பியில் மாட்டுவார்கள். சின்ன ஊர்களுக்குக் கடைசித் தூரம் மோர்ஸிலோ தொலைபேசியிலோ கடக்கும்.

தமிழின் 247 எழுத்துகள் 32இல் அடங்காது என்பது சரிதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. கொம்பையும் காலையும் தனித்தனி விசையாக்கித் தமிழ் டைப்ரைட்டர் எப்போதோ வந்துவிட்டது. சிக்கல் வேறு. டைப்ரைட்டருக்கு ஒரு மேசை போதும். டெலிபிரிண்டருக்கு இரண்டு முனையிலும் ஒரே குறியீடு வேண்டும். வலைப்பின்னலில் முதலில் உட்கார்ந்த மொழிதான் அடுத்தவருக்கான விதி.

விளைவு, பத்திரிகை அலுவலகங்களில் தெரிந்தது. பி.டி.ஐ. 1947இல் சென்னையில் பதிவானது. ஆனால் அதன் செய்தி ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொட்டியது. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழின் பெயரே ‘தந்தி’. அந்தத் தந்தி பேசியதோ இங்கிலீஷ். தமிழ் உதவி ஆசிரியர்கள் நாடு முழுவதன் செய்தியையும் ராத்திரியோடு ராத்திரியாக மொழிபெயர்த்தார்கள். இன்றைய தமிழ்ச் செய்திநடையில் ஒட்டியிருக்கும் மொழிபெயர்ப்பு வாசனைக்கு அந்த அவசரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1960இல் கிண்டியில், இத்தாலியின் ஒலிவெட்டி துணையோடு இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் வந்தது. இயந்திரம் உள்ளூரானது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றது.

நாடா போய்விட்டது, கணக்குப் போகவில்லை. ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து, தமிழ் என்றால் 70. ‘வந்துட்டேன்’ என்பதை நாம் ஆங்கில எழுத்தில் தட்டும்போது சோம்பல் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தின் வயசு நம்மைவிட அதிகம்.