ஈரற் புற்றும் கூட்டு வைத்தியமும்

2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தேவேந்திரமுனையிற் புறப்பட்ட நடைப்பயணம் ஒன்று, வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்து, 27 நாளிற் பருத்தித்துறையை அடைந்தது. தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுப்ப நிதி திரட்டுவதே அதன் நோக்கம். வைத்தியசாலையும் எழுந்தது, வன்னி நோயாளருக்கு வழி குறுகியது. ஆயினும் ஈரற் புற்றுக்குக் கட்டடம் மட்டும் போதாது என்பதை வைத்திய வரலாறு உணர்த்துகிறது.

குருதி நிறைந்த ஈரலைக் கத்தியால் தொட வைத்தியர் நெடுங்காலம் அஞ்சினர். 1888இல் ஜேர்மனியரான லாங்கன்புக் அதன் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்; குருதிப்பெருக்கை நிறுத்த மீண்டும் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. 1963இல் அமெரிக்கரான ஸ்டார்சில் ஈரல் மாற்றத் தொடங்கினார். புற்றோ மாற்றிய ஈரலிலும் திரும்பத் தோன்றிற்று. யாருக்கு மாற்றுவது என்ற வினாவுக்கு 1996இல் மிலான் நகர வைத்தியர் விடை கண்டனர். ஒரே கட்டியாயின் 5 சென்ரிமீற்றர், மூன்று வரையாயின் ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றர்: இவ்வெல்லைக்குள் தெரிந்தெடுக்கப்பட்டோரில் 75 சதவீதத்தினர் நான்காண்டு கடந்தும் வாழ்ந்தனர்.

இவ்வளவுகோல் ஒருவர் தனித்துக் கையாளத் தக்கதன்று. கட்டியை அளப்பவர் கதிர்ப்பட நிபுணர். ஈரலின் எஞ்சிய வலிமையை மதிப்பிடுபவர் ஈரல்நோய் நிபுணர். வெட்டுவதா, மாற்றுவதா எனக் கூறுபவர் சத்திரசிகிச்சை நிபுணர். மருந்து வகுப்பவர் புற்றுநோய் நிபுணர். இவர்கள் ஒருங்கிருந்து முடிவு செய்யுமிடத்து நோயாளர் நீடித்து வாழ்வதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இலங்கையில் ராகமையிலே இத்தகைய குழுவொன்று உண்டு.

எனினும் கட்டி சிறிதாயிருக்கையிற் கண்டாலன்றி அக்குழுவின் திறன் முழுப்பயன் தராது. தழும்பேறிச் சுருங்கிய ஈரலுடையார்க்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் பரிசோதனை வேண்டும். அதனைத் தவறாது செய்விக்கும் முல்லைத்தீவு, கிளிநொச்சி வைத்தியரே அக்குழுவின் முதல் அங்கத்தவர்.