மரங்களின் கட்டமைப்புச் சிக்கல்: தொலையுணர்வு அளவீடு

மரத்தின் கட்டமைப்புச் சிக்கல் என்பது தண்டு, கிளை, இலை ஆகியவை முப்பரிமாண வெளியில் எப்படிப் பரவி, அதை எந்த அளவுக்கு நிரப்புகின்றன என்பதைக் குறிக்கும் பண்பு. உயரமும் பருமனும் இதைக் காட்டுவதில்லை. ஒரே உயரமுள்ள பனையும் ஆலும் நல்ல எடுத்துக்காட்டு: பனை பெரும்பாலும் கிளைக்காத ஒற்றைத் தண்டு மரம்; ஆல் கிளைக்குமேல் கிளைவிட்டு விழுதும் இறக்குவது. அளவுநாடாவால் எண்ணாக்க முடியாத இந்த வேறுபாட்டை லேசர், ரேடார் கருவிகள் தொடாமலே அளக்கின்றன.

தோற்றம்

1961இல் ராபர்ட் மெக்கார்தரும் ஜான் மெக்கார்தரும் ஒரு பலகையை இலைகள் பாதியளவு மறைக்கும் தொலைவைப் பல உயரங்களில் அளந்து, இலையடர்த்தியைக் கணித்தனர். இலைகள் பல அடுக்குகளில் சீராகப் பரவியிருந்த காடுகளில் பறவையினங்கள் மிகுந்திருந்தன. இதிலிருந்து பிறந்த ‘இலையுயரப் பன்மை’ என்னும் அளவை இன்றைய செயற்கைக்கோள் தரவிலும் கணிக்கிறார்கள்.

கருவிகள்

லேசர் துடிப்பு மரத்தில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தொலைவைக் கணிப்பது லிடார். ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 செ.மீ. செல்வதால் கடிகாரம் மிக நுட்பமாக இருக்கவேண்டும். முக்காலியில் நிறுத்திய தரைவழி லிடார் மரத்தைப் பல பக்கங்களிலிருந்து வருடுகிறது; கிடைக்கும் இலட்சக்கணக்கான புள்ளிகளின் தொகுப்பு ‘புள்ளிமேகம்’ எனப்படும். ட்ரோனும் விமானமும் மேலிருந்து பெரும் பரப்பை அளந்தாலும் அடிக்கிளைகளைக் குறைவாகவே காண்கின்றன.

2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட நாசாவின் ஜெடை லிடார், சுமார் 25 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் காட்டின் செங்குத்து அமைப்பைப் பதிவு செய்கிறது. இதில் தனிமரம் புலப்படாது. 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தையும் ஊடுருவும். அதன் இரு அலைகளில் நீளமானது (சுமார் 24 செ.மீ.) இலைகளைக் கடந்து பெருங்கிளைகளிலும் தண்டிலும் பட்டுத் திரும்புகிறது.

அளவைகள்

பெட்டிப் பரிமாணம்: பெனுவா மாண்டல்பிராட்டின் பகுவல் (சிறு அளவிலும் ஒத்த வடிவம் திரும்ப வரும் உரு) வடிவியலைச் சார்ந்தது. புள்ளிமேகத்தை மூடப் பெரிய பெட்டிகள் எத்தனை தேவை, பெட்டியைச் சிறிதாக்கினால் எத்தனை தேவை என்று எண்ணி, அந்த எண்ணிக்கை பெருகும் வீதத்தைக் கணிப்பார்கள். கிளையற்ற கம்பத்துக்கு இது 1ஐ ஒட்டியிருக்கும். மெங்கர் பஞ்சு என்னும் கணித உருவின் மதிப்பான சுமார் 2.73 கோட்பாட்டு உச்சமாகக் கொள்ளப்படுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் டொமினிக் சைடல் 2018இல் இதைத் தனிமரங்களின் லேசர் தரவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

உருளை மாதிரி: தண்டையும் கிளைகளையும் சிறு உருளைகளாகப் பொருத்தி, கிளைகளின் எண்ணிக்கை, நீளம், கோணம், கன அளவு ஆகியவற்றைப் பெறும் முறை. மரத்தை வெட்டாமலே அதன் எடையையும் அதிலுள்ள கரிமத்தையும் மதிப்பிட இது உதவுகிறது.

விதான மேற்பரப்பு விகிதம்: மேடுபள்ளமான விதானப் பரப்பை (மர உச்சிகளாலான மேற்பரப்பை) அதன் கீழுள்ள தரைப்பரப்பால் வகுத்து வருவது. ஒரே வயதுத் தோட்டத்தில் குறைவாகவும், பல வயது மரங்களுள்ள காட்டில் மிகுதியாகவும் இருக்கும்.

வரம்புகள்

முன்கிளை மறைத்த பின்கிளை கருவிக்குத் தெரியாது. காற்று வீசினால் ஒரே கிளை இரண்டாகப் பதியும். இலையுதிர் மரத்தின் மதிப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். செங்குத்துச் சரிவுகளில் தரையின் எதிரொலியும் இலைகளின் எதிரொலியும் கலந்துவிடுவதால் விண்வெளி லிடார் பிழைபடும். பெட்டிப் பரிமாணமோ புள்ளிகளின் அடர்த்தியையும் மிகச்சிறிய பெட்டியின் அளவையும் பொறுத்தது. ஆகவே கருவி, பருவம், புள்ளியடர்த்தி, பெட்டியளவு ஆகியவை ஒத்திருந்தால் மட்டுமே இரு மரங்களின் மதிப்புகளை ஒப்பிடலாம்.