மடு மாதா கோயிலும் போரும்



ஆகஸ்ட் 15 என்றதும் நமக்குக் கொடியேற்றமும் மிட்டாயும்தான் நினைவுக்கு வரும். இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் அன்றைக்கு மடுத் திருவிழா. காட்டுக்கு நடுவே இருக்கும் அந்த மாதா கோயிலுக்குத் தமிழரும் சிங்களரும் ஒன்றாகக் கூடுவார்கள். இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருவார்கள். மடுக் கோயில் மண் பாம்புக்கடிக்கு நல்லது என்ற நம்பிக்கையில் அதை அள்ளிக்கொண்டு போவார்கள். (நீங்கள் பாம்பு கடித்தால் நேரே வேடசந்தூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!)

அங்கே காட்டுக்குள் கோயில் வந்ததற்குக் காரணமே ஒரு போர்தான். 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். அப்போது மாந்தையில் இருந்த 20 குடும்பங்கள் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670 வாக்கில் வன்னிக் காட்டுக்குள் போனார்கள் என்பது கோயிலின் வரலாறு. டச்சுக்காரர் கை எட்டாத இடம் மருதமடு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். ஆக, அது தொடக்கத்திலேயே ஓர் அகதி முகாம்.

பிறகு 1687-இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் இந்தப் பக்கமெல்லாம் மறைந்து திரிந்து ஊழியம் செய்தார். இப்போதுள்ள பெரிய கோயிலுக்கு 1872-இல் ஆயர் பொன்ஜான் அடிக்கல் நாட்டினார். 1924-இல் மாதாவுக்கு முடி சூட்டினார்கள்.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் சண்டை மூண்டது. மன்னார் மக்களில் பலர் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தானே. நம் திண்டுக்கல் பக்கத்துத் தோட்டனூத்து முகாமெல்லாம் இப்படிக் கடல் தாண்டி வந்தவர்களின் கதைதான். படகேற முடியாதவர்களும் மண்ணை விட மனமில்லாதவர்களும் மடுவுக்கு ஓடினார்கள். ஆயிரக்கணக்கில் கோயில் வளாகத்து மரத்தடிகளில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். ஐ.நா. அகதிகள் நிறுவனம் அங்கே நிவாரண மையம் நடத்தியது. மன்னார் ஆயராக 1992-இல் பொறுப்பேற்ற இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கோயில் பகுதியை ஆயுதமில்லாத இடமாக விட்டுவிடுங்கள் என்று இரண்டு தரப்பையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேட்டார்களா? 1999 மார்ச்சில் ராணுவம் மடுவைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் புலிகள் பெரிய தாக்குதல் தொடங்கி அந்தப் பகுதியை நெருங்கினார்கள். நவம்பர் 20 இரவு கோயில் வளாகத்தில் எறிகணைகள் விழுந்தன. அடைக்கலம் தேடி வந்திருந்தவர்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ராணுவம் புலிகளைச் சொன்னது, புலிகள் ராணுவத்தைச் சொன்னார்கள். கோயிலுக்குள் இருந்தால் குண்டு விழாது என்று நம்பிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்க்கு அந்த விவாதத்தால் என்ன பயன்?

2002 போர்நிறுத்தத்தின்போது தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் மறுபடி வந்தார்கள். அந்த அமைதி நிலைக்கவில்லை. 2008 ஜனவரி இறுதியில் மடுப் பக்கத்தில் ஒரு பஸ் கண்ணிவெடியில் சிக்கியது. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு இதை எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் எறிகணைகள் மறுபடி கோயிலைச் சுற்றி விழுந்தன. குருக்கள் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே கடலோரத் தேவன்பிட்டி கோயிலுக்குப் போனார்கள். 1670-இல் நடந்ததேதான், இப்போது எதிர்த்திசையில், காட்டை விட்டு வெளியே. தேவன்பிட்டி அப்போது புலிகள் பகுதி. அதனால் சொரூபத்தைப் புலிகளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று கொழும்பில் சிலர் ஆயரைத் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வீடு தீப்பிடிக்கும்போது பெற்ற தாயைத் தூக்கிக்கொண்டு வழி திறந்திருக்கும் பக்கம்தான் ஓட முடியும்.

ஏப்ரல் கடைசியில் ராணுவம் கோயிலுக்குள் வந்தது. ஆகஸ்டில் சொரூபம் திரும்பியது. அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு மிகச் சிலரே போக முடிந்தது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகுதான் லட்சக்கணக்கில் கூட்டம் வந்தது.

2015 ஜனவரி 14, நம்முடைய பொங்கலுக்கு முந்தின நாள். போப் பிரான்சிஸ் காலையில் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, மதியம் மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளை இழந்த தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் அன்று அங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்றன. காணாமல் போன மகனின் போட்டோவோடு இன்றும் மடுவுக்கு வரும் தாய்மார்கள் உண்டு.

உங்களில் யாராவது அங்கே போயிருந்தால் கீழே எழுதுங்கள்.