குளிர் வார்ப்பு: பிசினும் உலோகமும் தாமிரபரணிக் கரையும்

குளிர் வார்ப்பு என்பது உலோகத்தை உருக்காமல், நுண்ணிய உலோகத்தூளை ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினுடன் குழைத்து அச்சில் ஊற்றி, உலோகத்தில் வார்த்தது போன்ற பொருள்களைச் செய்யும் முறையாகும். பதக்கங்கள், தோடுகள், சுவர் அலங்காரங்கள், சிறு சிலைகள், அருங்காட்சியகப் பொருள்களின் படிகள் ஆகியவை இம்முறையில் செய்யப்படுகின்றன. உலையும் மூசையும் தேவைப்படாததால் இதற்குக் குளிர் வார்ப்பு என்ற பெயர் ஏற்பட்டது.

இது 20ஆம் நூற்றாண்டின் வேதியியல் தந்த முறை. எனினும் பிசினும் உலோகமும் சேர்வது தமிழகப் பட்டறைகளுக்குப் புதிதன்று. பழைய வார்ப்பில் பிசின் உருகி வெளியேறியது. நகையில் அது உள்ளே மறைந்திருந்தது. குளிர் வார்ப்பில் அதுவே பொருளின் உடலாக நிற்கிறது. இந்த மூன்று நிலைகளையும் புரிந்துகொண்டால், உலோகத் தோற்றம் கொண்ட ஒரு பொருளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதும் விளங்கும்.

ஆதிச்சநல்லூர் உலோகப் பொருள்கள்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் உலோகக் கலையைப் பற்றிப் பேச ஆதிச்சநல்லூரிலிருந்தே தொடங்க வேண்டும். ஆற்றின் தென்கரையில், திருவைகுண்டத்திற்கு அருகில் அமைந்த இவ்வூர் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986க்குப் பின் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1876இல் ஜெர்மானியரான டாக்டர் ஜாகோர் இங்குள்ள தாழிக்காட்டில் அகழ்ந்து, கிடைத்த பொருள்களை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவாக அகழாய்வு செய்தார். அவர் தொகுத்த பொருட்பட்டியல் 1915இல் வெளியானது. அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

ரீ கண்டெடுத்தவற்றுள் இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள், வெண்கலக் கலங்கள் ஆகியவை இருந்தன. கலங்களின் மூடிகளிலும் தாங்கிகளிலும் எருமை, மான், பறவை முதலிய உருவங்கள் அமைந்துள்ளன. பொற்பட்டம் தட்டி விரித்த தகடு; விலங்கு உருவங்கள் வார்ப்பு வேலை. ஒரே புதைகாட்டில் இரு வேறு தொழில்நுட்பங்கள் காணப்படுவது கவனிக்கத்தக்கது.

இக்கலங்களில் சிலவற்றை உலோகவியல் முறையில் ஆராய்ந்த சாரதா ஸ்ரீநிவாசன், அவை ஏறத்தாழ 23 விழுக்காடு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தால் ஆனவை என்று காட்டினார். இத்தகைய வெண்கலத்தைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, சூட்டோடு நீரில் தோய்த்து உறுதியாக்குவர். மெருகேற்றினால் அது பொன்போல் ஒளிரும். ஓர் உலோகத்தை மற்றொன்றின் அழகுக்கு நெருங்கச் செய்யும் திறம் அக்காலக் கைவினைஞருக்கு இருந்தது என்பதற்கு இது சான்று.

உருகி வெளியேறும் பிசின்

மெழுகு வார்ப்பில் முதலில் மெழுகால் உருவம் செய்யப்படும். அதன்மேல் மண் பூசி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் பின்பற்றும் இம்முறையில் தனித் தேன்மெழுகு பயன்படுவதில்லை. அதனுடன் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்க்கப்படுகின்றன. குங்கிலியம் ஒரு மரப்பிசின். அது மெழுகுக்கு விறைப்புத் தருகிறது. நுண்ணிய அணிகலன் வேலைப்பாடுகள் மழுங்காமல் நிற்க உதவுகிறது.

முதல் பூச்சுக்கு மிக மெல்லிய ஆற்று வண்டல் பயன்படும். மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கோடும் அந்த வண்டலில் பதிகிறது. வார்ப்பு முடிந்ததும் மண் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். எனவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். உருவத்தைத் தாங்கி நின்ற பிசின் இறுதிப் பொருளில் சிறிதும் இருப்பதில்லை.

உள்ளே மறையும் பிசின்

இரண்டாவது நிலையை நகைத் தொழிலில் காணலாம். பொன் தகட்டால் உள்கூடாகச் செய்த நகை நசுங்காமல் இருக்க அதனுள் அரக்கை நிரப்புவது பழைய வழக்கம். அரக்கு, மரக்கிளைகளில் வாழும் பூச்சி சுரக்கும் பிசின். நகையை அடகு வைக்கும்போது அரக்குக்கு எவ்வளவு கழிப்பது என்ற பேச்சு எழுவது இதனால்தான். கண்ணுக்குப் பொன் தெரிகிறது. கையில் உணரும் எடையில் பிசினும் சேர்ந்திருக்கிறது.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோவில் நகைகளில் வெள்ளியின் மேல் பொன் இழை ஒட்டப்பட்டு, சிவப்புக் கெம்புக் கற்கள் பதிக்கப்படுகின்றன. இந்நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. கோவில்களில் கொடிமரம் என்பது மரமே. அதன்மேல் செம்பு அல்லது பித்தளைத் தகடு போர்த்தப்படுகிறது. இவற்றை யாரும் போலி என்று கூறுவதில்லை. அடியில் இருப்பது எது, மேலே இருப்பது எது என்பது செய்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். உலோகத் தோற்றம் ஏமாற்றாவது, அந்த அறிவு மறைக்கப்படும்போதுதான்.

உலோகத்தூளின் வரலாறு

குளிர் வார்ப்புக்கு இரண்டு மூலப்பொருள்கள் வேண்டும். ஒன்று மலிவான உலோகத்தூள். ஐரோப்பாவில் வெண்கலத்தூள் நெடுங்காலம் கைவேலையாகவே தயாரானது. உலோகத்தை அடித்து மெல்லிய இழையாக்கி, பின்பு அரைத்துத் தூளாக்குவர். ஜெர்மனியின் நியூரம்பர்க், ஃபியூர்த் பகுதி இதற்குப் பெயர் பெற்றிருந்தது. விலையோ மூல உலோகத்தின் விலையைப் போலப் பல மடங்கு. 1840களில் ஆங்கிலேயரான ஹென்றி பெஸ்ஸெமர் இத்தூளை இயந்திரத்தால் செய்யும் வழியைக் கண்டார். காப்புரிமை பெற்றால் முறை வெளியாகிவிடும் எனக் கருதி, உறவினர்களை மட்டும் வைத்து ஆலையை நடத்தினார். அதில் கிடைத்த வருவாய் அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு உதவியது. 1856இல் அவர் அறிவித்த எஃகு உற்பத்தி முறை உலகத் தொழில் வரலாற்றையே மாற்றியது.

செயற்கைப் பிசின்

மற்றொன்று அறை வெப்பத்தில் இறுகும் பிசின். 1907இல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பேக்கலைட் முழுவதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக் ஆகும். ஆனால் அதை இறுகச் செய்ய வெப்பமும் அழுத்தமும் தேவைப்பட்டன. 1930களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் செயற்கைப் பல் செய்வதற்கான பொருளைத் தேடி எபாக்சி ரெசினை உருவாக்கினார். இறுகும்போது அது மிகக் குறைவாகவே சுருங்கும். வார்ப்புக்கு இது இன்றியமையாத பண்பு. 1946இல் சீபா நிறுவனம் எபாக்சியை அரால்டைட் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. பின்னர் சிலிக்கான் ரப்பர் அச்சுகளும் வந்தன. வளைந்து கொடுக்கும் அந்த அச்சை உடைக்காமல் உரித்தெடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஒரு அச்சுக்கு ஒரு பொருள் என்ற பழைய கட்டு அதோடு தளர்ந்தது.

செய்முறை

முதலில் மூல உருவத்தின்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கப்படுகிறது. அச்சின் உட்புறம் உலர்ந்த உலோகத்தூளைத் தூவித் தூரிகையால் பரப்புவர். பிறகு ரெசினில் தூளைக் குழைத்து முதல் அடுக்காகப் பூசுவர். உட்பகுதியை வெறும் ரெசினாலோ மலிவான நிரப்பியாலோ நிறைக்கலாம். வெளியே உலோகம், உள்ளே பிசின் என்ற அரக்கு நகையின் அமைப்பு இங்கே மீண்டும் வருகிறது.

அச்சிலிருந்து எடுத்தவுடன் பொருள் மங்கிய பழுப்பாகவே தோன்றும். ஒவ்வொரு தூள் மணியையும் மெல்லிய பிசின் படலம் மூடியிருப்பதே காரணம். மெல்லிய இரும்பு நாரால் தேய்த்தால் அப்படலம் நீங்கி உலோகம் வெளிப்படும். அதன் பிறகே மெருகு ஏறும். மேற்பரப்பில் இருப்பது உண்மையான செம்போ வெண்கலமோ ஆதலால் காற்றுப்பட்டு நிறம் மாறும், களிம்பும் ஏற்றலாம். வெண்கல நிறச் சாயம் பூசிய பிளாஸ்டிக்குக்கும் குளிர் வார்ப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பெயரில் குளிர் இருந்தாலும் ரெசின் இறுகும்போது தானே சூடாகும். தடிமனாக ஊற்றினால் வெடிப்பு விழலாம், புகையலாம். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் கலவையைக் கையாளும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். எனவே நெல்லையின் கோடை வெயிலில் வேலை செய்பவர் சிறிது சிறிதாகக் கலப்பதும் காலை நேரத்தைத் தேர்வதும் நல்லது. உலோகத்தூளை மூச்சில் இழுக்காதபடி முகக்கவசம் வேண்டும். அலுமினியத்தூள் காற்றில் பறந்தால் தீப்பொறிபட்டு வெடிக்கக்கூடும். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை தரும், கையுறையும் அவசியம்.

எடையும் ஒலியும்

வெண்கலத்தின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 8.8 மடங்கு, எபாக்சியின் அடர்த்தி சுமார் 1.1 மடங்கு. எடைக்கு எடை சமமாகக் கலந்தால் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 2 ஆகும். ஒரு பங்கு ரெசினுக்கு மூன்று பங்கு தூள் சேர்த்தாலும் அது 3.2ஐத் தாண்டாது. அதே அளவுள்ள வெண்கலப் பொருளின் எடையில் இது பாதிகூட இல்லை. தட்டினால் வெண்கலத்தின் நீண்ட நாதம் எழாது. ஆகவே கண்ணை ஏமாற்றினாலும் கையையும் காதையும் ஏமாற்ற முடியாது. மணி, சமையல் கலம், விளக்கு போன்று ஒலிக்கவோ சூட்டைத் தாங்கவோ வேண்டிய எதற்கும் இம்முறை பொருந்தாது.

படிகளும் பள்ளத்தாக்கும்

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் அகழாய்வு இடத்திலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தாழிகளை அவை கிடைத்த குழிகளிலேயே காணும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டுள்ளது. ஆனால் ஜாகோர் கொண்டு சென்றவை பெர்லினுக்கும், ரீ எடுத்தவை சென்னைக்கும் போய்விட்டன. அந்த மூடிகளின் எருமையையும் மானையும் கரையோரப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் படத்திலேயே பார்க்கின்றனர். மூலப்பொருள் அருகில் இருந்தாலும் அதைக் கையில் கொடுக்க இயலாது. குளிர் வார்ப்புப் படி இந்த இடத்தில் பயன்படும். விழுந்து உடைந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம்.

இதற்குச் சில வரம்புகள் உண்டு. களிம்பேறிய தொல்பொருளின்மேல் நேரடியாக ரப்பரை ஊற்றினால் மேற்படலம் உரிந்து வரலாம். முப்பரிமாண ஒளிப்பதிவு எடுத்து, அதிலிருந்து செய்த மாதிரியின்மேல் அச்சு எடுப்பதே பாதுகாப்பானது. விலங்கு உருவங்களுக்கு இம்முறை நன்கு ஒத்துவரும். மெல்லிய பொற்பட்டத்துக்கு ஒத்துவராது. அவ்வளவு மெல்லிய ரெசின் எளிதில் முறியும். அதைத் தகடு தட்டும் கைவினைஞரிடம் கொடுப்பதே முறை.

ஒவ்வொரு படியின் பின்புறத்திலும் அது ரெசினால் ஆன படி என்பதும், செய்த ஆண்டும், மூலப்பொருள் இருக்கும் இடமும் வார்ப்பிலேயே பதிய வேண்டும். அரக்கு நகையில் கழிவு எவ்வளவு என்று சொல்லி விற்ற அதே நேர்மைதான் இது. அந்த எழுத்துகளோடு கையில் வரும் எருமை, மூல எருமை எங்கே நிற்கிறது என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிடும்.